பிரேக் பிடிக்கல

போன மாதம் சேலத்தில் ஒரு சைக்கிள் கடையில் ரோடு பைக் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய டயரும் ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாருமாக வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கடைப் பையன் கேட்ட முதல் கேள்வி பட்ஜெட் பற்றி இல்லை. "அண்ணா, டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா?"

யோசிச்சு சொல்றேன் என்று வெளியே வந்துவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தவன் மூன்று வாரம் பிரேக்கின் சரித்திரத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பிரேக்குக்கும் முப்பது வருடப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சைக்கிள் பிறந்தபோது நிறுத்துவது பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1860-களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் செய்த பெடல் வண்டியில் ஒரு கயிறு இருந்தது. ஹேண்டில்பாரைக் கையால் முறுக்கினால் கயிறு இறுகி, பின் சக்கரத்தின் மேல் ஒரு கட்டை போய் அழுத்தும். அடுத்து வந்தது முன் சக்கரம் மட்டும் ஆள் நெஞ்சளவு உயர்ந்த 'பென்னி ஃபார்த்திங்'. அதில் கரண்டி போன்ற ஓர் இரும்பு, முன் டயரின் தலையில் அழுத்தும். முன் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கரண்டியைக் கொஞ்சம் பலமாக அழுத்திவிட்டால் வண்டி நிற்கும், அவர் நிற்கமாட்டார். தலைகுப்புற முன்னால் போய் விழுவார். இது அவ்வளவு சகஜமாக நடந்ததால், இறக்கத்தில் கால்களை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் வந்தது. தூக்கி எறியப்பட்டாலும் கால் முதலில் தரையைத் தொடுமே என்ற கணக்கு. பிரேக்கை நம்புவதைவிட விழுவதற்குத் தயாராக இருப்பது மேல் என்று நினைத்த காலம் அது.

இன்னொரு விஷயம். அன்றைய சைக்கிள்களில் பெடலும் சக்கரமும் பிரிக்க முடியாதவை. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். எனவே காலை எதிர்த்து மிதித்தால் வேகம் குறையும், காலே பிரேக். 1900-ஐ ஒட்டி ஃப்ரீவீல் பரவியது. மிதிக்காமல் சும்மா உட்கார்ந்தே இறக்கத்தில் உருளலாம் என்ற சொகுசு வந்தது. அந்தச் சொகுசோடு, காலால் நிறுத்தும் வழி போனது. நிறுத்தும் வேலை பெரும்பாலும் கைக்கு வந்து சேர்ந்தது.

கையிலிருந்து சக்கரம் வரை அந்த அழுத்தத்தைக் கொண்டுபோவது எப்படி? இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று கம்பி. இரும்புக் கம்பிகளை மூட்டு மூட்டாக இணைத்து, லிவரைத் தூக்கினால் ரிம்மின் உட்பக்கத்தில் கட்டை போய்ப் பிடிக்கும். நம் ஊர் ராடு பிரேக். இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் சைக்கிள்களிலிருந்து வந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலை உட்பட இந்தியாவின் ஆலைகள் பல பத்தாண்டுகளுக்கு அதே வடிவத்தைச் செய்துகொண்டே இருந்தன. பால்காரர், தபால்காரர், என் அப்பா எல்லோரும் ஓட்டியது அதைத்தான். கனம்தான், ஆனால் அறுந்துபோக ஒயர் கிடையாது. கோணிப்போனால் சுத்தியலால் ரெண்டு தட்டு.

இன்னொரு பதில் ஒயர். 1896-ல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்ற அயர்லாந்துக்காரர் பேடண்ட் வாங்கினார். சுருள் கம்பியால் ஆன உறைக்குள் மெல்லிய எஃகு ஒயர். எங்கே வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம், ஒரு முனையில் இழுத்தால் மறுமுனையில் இழுபடும். ராலே கம்பெனியின் முதலாளி ஃபிராங்க் பௌடனின் பெயரும் அதேதான் என்பதால் கண்டுபிடிப்பு அவருடையது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். பாவம் எர்னஸ்ட். உங்கள் ஸ்கூட்டரின் கிளட்ச் ஒயர்கூட அவர் போட்ட வழிதான்.

பந்தயக்காரர்கள் ஒயர் பக்கம் போனதற்குக் காரணம் எடை. ஆனால் ஒயரைக் கொண்டுபோய் எதோடு கட்டுவது என்பதில்தான் அடுத்த நூறு வருடச் சண்டை. பிரான்ஸில் க்ளெர்மோன் ஃபெராண் நகரத்து மஃபாக் கம்பெனி 1950-களில் 'ரேசர்' என்ற பிரேக்கைக் கொண்டுவந்தது. இரண்டு கைகளுக்கு இரண்டு தனி அச்சு, நடுவில் ஒரு சின்ன ஒயர்ப் பாலம், பிரேக் ஒயர் அதை நடுவிலிருந்து மேலே இழுக்கும். சென்டர் புல் என்பார்கள். அப்போதைய ஒற்றை அச்சு சைடு புல் பிரேக்குகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கட்டை மட்டும் ரிம்மில் உரசிக்கொண்டே வரும். சென்டர் புல் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தது. பெஜோவின் புகழ்பெற்ற பிஎக்ஸ்-10 சைக்கிளில் இருந்ததும் மஃபாக்தான்.

இந்த இடத்தில் 1960-க்கு வந்துவிடுகிறேன். மூன்று வாரமும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த வருடம்தான்.

ரோஜே ரிவியேர், பிரான்ஸின் சேந்த் எத்தியென் நகரத்துக்காரர், வயது 24. மிலனின் விகோரெல்லி ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டிய உலக சாதனையை 1957-ல் முறியடித்தார். 1958-ல் தன் சாதனையைத் தானே முறியடித்து 47.347 கி.மீ ஆக்கினார். சமதளத்தில், தனியாக, கடிகாரத்தோடு மட்டும் போட்டி என்றால் அந்தக் காலத்தில் அவரை அடிக்க ஆளில்லை. 1960 டூர் டி ஃபிரான்ஸில் அவர் மொத்தப் பட்டியலில் இரண்டாவது இடம். முதலிடத்தில் இத்தாலியின் காஸ்தோனே நென்சீனி. ரிவியேரின் திட்டம் எளிமையானது. மலைகளில் நென்சீனியின் பின்சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசி நாட்களில் ஒரு நீண்ட தனிநபர் நேர ஓட்டம் இருக்கிறது, அதில் அடித்துவிடலாம்.

சிக்கல், நென்சீனி இறக்கங்களில் பேர் போனவர் என்பதுதான். ஏற்றத்தில் பின்தொடர மூச்சு இருந்தால் போதும். இறக்கத்தில் அவரைப் பின்தொடர வேறு ஏதோ வேண்டும்.

ஜூலை 10. மியோவிலிருந்து அவின்யோனுக்கு 14-ஆம் கட்டம். செவென் மலைகளில் பெர்ஜூரே கணவாயிலிருந்து இறங்கும் வழியில் ரிவியேர் ஒரு வளைவைத் தவறவிட்டார். சாலையோரத் தாழ்வான சுவரைத் தாண்டி, பள்ளத்துக்குள் போய் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. மிச்ச வாழ்நாள் முழுக்க ஊனத்தோடுதான் கழிந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் விளக்கம்: பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக் ரிம்மில் எண்ணெய் படவிட்டுவிட்டார் என்று பழி விழுந்தது. ஒரு மெக்கானிக்கின் மேல் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. அவர் கொதித்துப்போனார்.

உண்மை பிறகுதான் வந்தது. ரிவியேர் பால்ஃபியம் என்ற பலமான வலி நிவாரணியை எடுத்துக்கொண்டு ஓட்டியிருந்தார். மார்ஃபின் வகையறா. காலின் வலி தெரியாமலிருக்க எடுத்துக்கொள்வது. வலியை மட்டும் தனியாக மரத்துப்போக வைக்கும் மருந்து இல்லை அது. விரல்களும் மந்தமாகி, லிவரை எவ்வளவு பலத்தோடு, எந்த நேரத்தில் அழுத்துகிறோம் என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம் என்பதுதான் இன்று பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அந்த மருந்துக்குப் பழகிப்போயிருந்ததை ரிவியேரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தமிழில் இதற்கு ஒரு வினோதமான வசதி இருக்கிறது. 'நான் பிரேக் பிடிச்சேன்' என்றால் பிடித்தது நான். 'பிரேக் பிடிக்கல' என்றால்? கட்டை ரிம்மைப் பிடிக்கவில்லையா, கை லிவரைப் பிடிக்கவில்லையா? இரண்டுக்கும் ஒரே வாக்கியம். யார் மேல் தவறு என்று சொல்லாமலே ஒரு விபத்தை முழுதாக விவரித்துவிடலாம்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பு படிக்கும்போது ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு அப்பாவின் ராடு பிரேக் சைக்கிளில் ஏரிக்கரை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். ஐந்து லிட்டர் கேனை கேரியரில் கட்டச் சோம்பல். வலது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் மட்டும் ஓட்டி வந்தேன். கீழே ஒரு பாட்டி கீரைக் கூடையோடு ரோட்டைக் கடந்தார். முன் பிரேக் வலது கையில். வலது கையில் கேன். கேனைப் போட்டுவிட்டுப் பிரேக்கைப் பிடிக்கலாம் என்று தோன்றவில்லை, மண்ணெண்ணெய் கொட்டிவிடுமே என்றுதான் தோன்றியது. பாட்டியின் இடுப்பில் போய் மோதினேன். கேனும் கொட்டியது.

பாட்டிக்குப் பெரிய காயமில்லை என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு பல மாதம் அவர் கோல் ஊன்றி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நான் சொன்னது மூன்றே வார்த்தை. "அப்பா, பிரேக் பிடிக்கல."

இரண்டு நாள் முன்புதான் கட்டை மாற்றியிருந்தோம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே கடைக்குப் போனார், நானும் பின்னால். "காசு வாங்கிட்டு என்னய்யா கட்டை மாத்துன? புள்ள செத்திருப்பான்." நாலு பேர் கூடிவிட்டார்கள். கடைக்கார அண்ணன் பதில் பேசவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, லிவரைப் பிடித்தார். சக்கரம் உடனே நின்றது. இன்னொரு முறை சுற்றினார். நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பாவுக்கு அதற்குள் புரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டாகிவிட்டது. இன்னும் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். கோணிப்போன போர்க்கை அண்ணன் நிமிர்த்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ரிவியேர் 1976-ல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். வயது 40. நடுவில் ஊரில் ஒரு உணவகம் நடத்திப் பார்த்தார். அதற்கு வைத்த பெயர் விகோரெல்லி. 1960 டூரை நென்சீனிதான் வென்றார். கடைசிக்கு முந்தைய நாள் சாலையோரத்தில் ஜனாதிபதி டி கோல் நிற்கிறார் என்று தெரிந்ததும் கூட்டம் மொத்தமும் பிரேக் போட்டு நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. அத்தனை பிரேக்கும் அன்று ஒழுங்காகப் பிடித்திருக்கிறது.

மிச்ச வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1960-களின் முடிவில் இத்தாலியின் காம்பன்யோலோ, எல்லோரும் கைவிட்ட சைடு புல்லையே எடுத்து, உயர்ந்த உலோகத்தில் துல்லியமாகச் செய்து விற்றது. யானை விலை. ஆனால் பந்தய உலகம் அதன் பின்னால் போனது, மஃபாக்கின் காலம் மெல்ல முடிந்தது. இதே காம்பன்யோலோ 1980-களில் 'டெல்டா' என்று ஒன்று செய்தது. முக்கோண வடிவம், வழவழவென்ற மூடி, உள்ளே இணைகரமாக அசையும் நெம்புகோல்கள். சைக்கிள் பிரேக்குகளிலேயே அழகானது அதுதான் என்பேன். கனம் அதிகம், சரிசெய்யச் சாமானியத்தில் கிடைக்காத 3.5 மி.மீ அலன் கீ வேண்டும், பிடிப்பும் அழகுக்கு ஈடாக இல்லை என்று ஓட்டியவர்கள் புலம்பினார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஓட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிமானோ இரட்டை அச்சு கேலிப்பரைப் பரவலாக்கியது. யோசனை புதிதல்ல, ஜெர்மனியின் ஆல்டென்பர்கர் 1960-களிலேயே முயன்றதுதான். ஷிமானோ செய்ததில் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாலே பிடித்தது. மலிவான சைக்கிளுக்கும் நல்ல பிரேக் கிடைத்தது. என் கணக்கில் ரோடு பைக் பிரேக்கின் பிரச்சினை, காய்ந்த சாலையைப் பொறுத்தவரை, அங்கேயே தீர்ந்துவிட்டது.

அப்புறம் ஏன் டிஸ்க்? மூன்று காரணம்: சூடு, மழை, கார்பன்.

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 784 கிலோஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். காற்று இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து, பெரும்பகுதி ரிம்மில்தான் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பைக்கில் இறங்கியவர்களுக்கு அந்த வாசனை தெரியும். அலுமினிய ரிம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். கார்பன் ரிம்முக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

பிரேக்கை அழுத்தமாகப் பிடிப்பதே ஆபத்தாகவும் முடியலாம். 2003 டூர், ஜூலை 14, காப் நகரத்தை நோக்கிய இறக்கம். வெயிலில் தார் உருகிக் கிடக்கிறது. ஸ்பெயினின் ஜோசெபா பெலோகி மொத்தத்தில் இரண்டாவது இடம், முதலிடத்துக்கு வெறும் 40 நொடி பின்னால். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறார். பின் சக்கரம் வழுக்கி அடித்துக்கொள்கிறது, பசை போட்டு ஒட்டிய டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடுகிறது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் போயின. பின்னால் வந்த ஆம்ஸ்ட்ராங் மோதாமலிருக்க வயலுக்குள் வண்டியை விட்டு, குறுக்கே போய், மறுபக்கச் சாலையில் ஏறிக்கொண்டார். அந்தக் காட்சிதான் எல்லோருக்கும் ஞாபகம். பெலோகி தரையில் கிடந்து கத்தியது அவ்வளவாக ஞாபகமில்லை. அவர் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

டிஸ்க் பிரேக்கில் நடப்பதெல்லாம் ஹப் பக்கத்தில். உண்மையில் ரிம்மும் ஒரு டிஸ்க்தான், அறுநூறு மி.மீ விட்டமுள்ள பெரிய டிஸ்க். அதற்குப் பதில் 160 மி.மீ வட்டத்தைப் பிடித்தால் கிட்டத்தட்ட 4 மடங்கு விசை வேண்டும். அதனால்தான் ஆயில் குழாய். பலனாக, சூடு டயரிடம் போவதில்லை, மழைத்தண்ணீர் முதலில் நனைக்கும் இடத்தில் கட்டை இல்லை, ரிம் தேய்வதில்லை. நனைந்த கார்பன் ரிம்மில் முதல் சில சுற்றுக்குக் கட்டை தண்ணீரை வழித்துக்கொண்டிருக்கும், பிறகுதான் பிடிக்கும். அந்தச் சில சுற்றுதான் உயிர்.

ஆனால் பந்தயக்காரர்கள் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. 2016-ல் சோதனை முறையில் அனுமதித்தார்கள். ஏப்ரல் 10, பாரிஸ்-ரூபே. கருங்கல் பாவிய சாலைகளில் ஓடும் பந்தயம். மோவிஸ்டார் அணியின் ஃபிரான் வென்டோசோ விழுந்தவர்கள் மேல் மோதினார்; காலில் எலும்பு தெரியுமளவு காயம். டிஸ்க் தகடுதான் வெட்டியது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். சோதனை நிறுத்தப்பட்டது. அது நிஜமாகவே டிஸ்க் வெட்டிய காயம்தானா என்று பிறகு பெரிய சர்ச்சை. எப்படியோ, தகட்டின் ஓரத்தை உருட்டி மழுக்கினார்கள், 2017-ல் சோதனை திரும்ப வந்தது, அந்த வருட டூரின் இரண்டாம் கட்டத்தை மார்செல் கிட்டல் டிஸ்க் பிரேக்கில் வென்றார். 2018 ஜூலை 1 முதல் முழு அனுமதி. அப்போதும் 2019-ல் டூரை வென்ற எகான் பெர்னாலின் சைக்கிளில் ரிம் பிரேக்தான். எடை குறைவு, சக்கரம் மாற்றுவது சுலபம் என்று அவருடைய அணி பிடிவாதமாக இருந்தது. பிறகு அவர்களும் மாறினார்கள். இன்று பெரிய கம்பெனிகளின் மேல்மட்ட ரோடு பைக்குகளில் ரிம் பிரேக்கைத் தேடத்தான் வேண்டும். இதில் பாதுகாப்பு எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் இருக்கிறது.

சரி, நான் என்ன எடுப்பது? நான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவன். வருடத்தில் பாதி நாள் சமதளம், எப்போதாவது ஏற்காடு. மழையில் மலைக்குப் போகும் தைரியம் இல்லை, தேவையும் இல்லை. கார்பன் சக்கரம் வாங்கக் காசும் இல்லை. ஆயில் பிரேக்கைத் திறந்து காற்றை வெளியேற்றத் தெரிந்த ஆள் என் தெருப்பக்கம் கிடையாது. ரோடு பைக் பிரேக் ஒயரின் குமிழ் சாதாரண ஒயரின் குமிழ்போல இருக்காது என்பதால் அதுவும் தெருக்கடையில் கிடைக்காதுதான், ஆனால் ரெண்டு ஒயரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். மாற்றுவதற்கு எனக்கே தெரியும். நீங்கள் நீலகிரிப் பக்கம் இருந்து, மழையிலும் ஓட்டுபவராக இருந்தால் யோசிக்காமல் டிஸ்க் வாங்குங்கள். எனக்கு இரட்டை அச்சு ரிம் பிரேக், அலுமினிய ரிம்.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். பழைய ஸ்டாக்கில் என் உயரத்துக்கு ஒன்று இருந்தது. கடைப் பையனுக்கு வருத்தம். "டிஸ்க் எடுத்திருக்கலாம்ணா, இதுக்கு ரீசேல் இருக்காது." கடை மெக்கானிக் பிரேக்கைச் சரிபார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. "ஓட்டிப் பாருங்க சார், பிரேக் டைட்டா இருந்தா சொல்லுங்க" என்றார்.

நான் முதலில் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, லிவரைப் பிடித்தேன்.

"நல்லா பிடிக்குதுங்க" என்றேன்.